சம்பவ இடத்தில் ஒரு சாட்டின் கவுன்: பழைய குற்றப் படங்களின் சாயலில் ஃபேஷன் ஷூட் செய்வது எப்படி

1910களில் நியூயார்க் போலீஸ், ஃபிலிமுக்குப் பதில் கண்ணாடித் தகட்டில் எடுத்த படங்களில் ஒரு வகை உண்டு. உயரமான ட்ரைபாடின் உச்சியில் காமிராவைக் கவிழ்த்து வைத்து, தரையில் கிடக்கும் உடலை நேர் மேலிருந்து எடுத்திருப்பார்கள். படத்தின் ஓரங்களில் ட்ரைபாடின் கால்களும், சில சமயம் அருகில் நிற்பவர்களின் பூட்ஸும் விழுந்திருக்கும். யாரும் அதை மறைக்க முயலவில்லை. தரை விரிப்பின் பூவேலை, கவிழ்ந்த தொப்பி, வாளி, இறந்தவரின் சட்டைக் காலர் எல்லாமே ஒரே கூர்மையில் பதிவாகியிருக்கும்.

ஃபேஷன் படம் இதற்கு நேர் எதிர். அங்கே உடைதான் ராஜா, மற்றதெல்லாம் மங்கல். இந்த இரண்டு குணங்களும் உரசும்போதுதான் இந்த வகைப் படத்துக்கு உயிர் வருகிறது. அழகான கவுன், பக்கத்தில் அரை லிட்டர் சிவப்புச் சாயம், கண்ணை மூடிய மாடல் என்று நிறுத்திக்கொண்டால் கிடைப்பது மாறுவேடப் போட்டிப் படம். நானும் முதலில் அப்படித்தான் இரண்டு ஷூட் செய்து பணத்தை விட்டேன். அதற்கு அப்புறம் கற்றுக்கொண்டவற்றை வேலை நடக்கும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

மூலப் படங்களோடு உட்காருங்கள்

இணையத்தில் பத்துப் படங்களைச் சேகரித்து மூட் போர்டு (ஷூட்டின் சாயலைக் காட்டும் படப் பலகை) ஒட்டுவதற்கு முன், எந்த மரபைப் பின்பற்றப் போகிறீர்கள் என்று முடிவு செய்ய வேண்டும். பழைய குற்றப் படங்கள் எல்லாம் ஒரே மாதிரி எடுக்கப்பட்டவை அல்ல.

பாரிஸ் போலீஸ் தலைமையகத்தில் 1879இல் சாதாரண எழுத்தராகச் சேர்ந்தவர் அல்ஃபோன்ஸ் பெர்ட்டியோன். குற்றவாளிகளின் உடல் அளவுகளை எடுத்து அடையாளம் காணும் முறையை உருவாக்கியவர். முகத்தை நேராகவும் பக்கவாட்டிலும் எடுக்கும் போலீஸ் படத்தை ஒழுங்குபடுத்தியவரும் அவரே. சம்பவ இடத்தையும் அவர் அளவு எடுக்க வேண்டிய பொருளாகவே பார்த்தார். அகலமான கோணம் கொண்ட லென்ஸ், உயரமான ட்ரைபாட், படத்தை ஒட்டிய அட்டையின் ஓரங்களில் அளவுகோல் கோடுகள். அந்தக் கோடுகளைக் கொண்டு அறைக்குள் எது எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று பின்னால் கணக்கிடலாம். 1901 முதல் 1908 வரையிலான பாரிஸ் கொலைகளின் ஆல்பம் ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் இருக்கிறது. பார்த்தால் வயிறு கலங்கும், ஆனால் கோணங்களைப் படிக்க அதைவிட நல்ல பாடம் இல்லை.

இரண்டாவது மரபு நான் மேலே சொன்ன நியூயார்க் தகடுகள். நகராட்சி ஆவணக் காப்பகத்தில் கிடந்த இவற்றை எழுத்தாளர் லூசி சான்ட் (அப்போது லூக் சான்ட்) தேடி எடுத்து 1992இல் நூலாகக் கொண்டுவந்த பிறகுதான் உலகம் பார்த்தது. பாரிஸ் படங்களைவிட இவை ஏழ்மையானவை: குறுகிய நடை, வாடகை அறை, இரும்புக் கட்டில்.

மூன்றாவது, பத்திரிகைக்காரரின் ஃப்ளாஷ். வீஜீ என்று அறியப்பட்ட ஆர்தர் ஃபெல்லிக், காரில் போலீஸ் ரேடியோ வைத்துக்கொண்டு 1930களின் கடைசியிலும் 1940களிலும் நியூயார்க் இரவுகளில் அலைந்தவர். நான்குக்கு ஐந்து அங்குல ஃபிலிம் போடும் ஸ்பீட் கிராஃபிக் காமிரா, பக்கத்தில் ஃப்ளாஷ் பல்ப், ஏறக்குறைய பத்தடி தூரத்தில் நிறுத்திவைத்த ஃபோகஸ். முன்னால் உள்ளது பளிச்சென்று வெளுக்கும், பின்னால் உள்ளது இருட்டில் கரையும். 1941இல் அவர் எடுத்த ஒரு பிரபலமான கொலைப் படத்தில் கொலையானவரே இல்லை. பார்க்க முண்டியடிக்கும் பள்ளிப் பிள்ளைகளின் முகங்கள்தான் படம் முழுக்க. இதை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் வருகிறேன்.

ஃபேஷன் பக்கத்திலும் முன்னோர்கள் இருக்கிறார்கள். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கீ பூர்தான் 1975இல் சார்ல் ஜூர்தான் ஷூ கம்பெனிக்கு எடுத்த விளம்பரத்தில் நடைபாதையில் சாக்பீஸால் வரைந்த ஓர் உடல் கோடு, ஒரு கறை, சிதறிக் கிடக்கும் இளஞ்சிவப்பு ஷூக்கள். ஆளே கிடையாது. ஷூ விற்கும் படத்தில் ஷூவைத் தவிர எஞ்சியது எதுவுமில்லை என்பதை நினைத்துப் பாருங்கள். ஜப்பானியப் புகைப்படக்காரர் இசிமா கவோரு 1993 முதல் நடிகைகளையும் மாடல்களையும் அவரவர் கற்பனை செய்யும் கச்சிதமான மரணத்தைச் சொல்லச் சொல்லி, அதைப் பெரிய டிசைனர்களின் உடையில் எடுத்தார். மிகத் தூரத்தில் தொடங்கி முகத்துக்கு அருகே வரும் தொடராக அவை அமையும். அமெரிக்காவின் மெலனி புல்லன் 2000களில் லாஸ் ஏஞ்சலிஸ், நியூயார்க் போலீஸ் கோப்புகளின் பழைய படங்களை அடிப்படையாக வைத்து, விலை உயர்ந்த உடைகளோடு நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைச் சினிமா செட் அளவுக்குப் போட்டு எடுத்தார். சான்ட்டின் நூல்தான் அவருக்குத் தூண்டுதல்.

பாரிஸ், நியூயார்க் தகடுகள், வீஜீ என்ற மூன்று மரபில் ஒன்றை எடுங்கள். ஒரே ஷூட்டில் கலக்காதீர்கள்.

பார்வை மகஜர் எழுதுங்கள்

இதுதான் என் முறையின் மையம். நம் ஊர்ப் போலீஸ் சம்பவ இடத்துக்குப் போனால், கண்ணில் பட்டதை அப்படியே எழுதும் பார்வை மகஜரும் மாதிரி வரைபடமும் தயாரிப்பார்கள் இல்லையா, அதையே நீங்கள் தேர்ந்தெடுத்த பழைய படத்துக்குச் செய்யுங்கள். வடக்கே கதவு, கதவுக்கு இரண்டடி தள்ளி நாற்காலி, நாற்காலியின் முதுகில் தொங்கும் கோட்டு, கோட்டின் இடது பாக்கெட் வெளியே இழுபட்டிருக்கிறது. இப்படி. உணர்ச்சி வார்த்தை ஒன்றுகூட வரக்கூடாது. ‘சோகமான அறை’ என்று எழுதினால் அடித்துவிடுங்கள்.

நாற்பது, ஐம்பது வரி வந்ததும் ஒன்று புரியும். அந்தப் படத்தின் கனம் உடலில் இல்லை, பாதியில் நின்றுபோன காரியங்களில் இருக்கிறது. மேசையில் பாதி தின்ற ரொட்டி. ஒரு கால் மட்டும் கழற்றிய பூட்ஸ். அடுத்து, உங்கள் ஷூட்டுக்கு இன்னொரு மகஜர் எழுதுங்கள், இந்த முறை கற்பனையாக. உடை அதில் ஓர் உருப்படியாக வர வேண்டும்: ‘உருப்படி 9: பச்சை சாட்டின் கவுன், இடது தோள்பட்டை வார் அறுந்த நிலையில்.’ வார் ஏன் அறுந்தது என்று நீங்கள் மட்டும் தெரிந்துவைத்திருந்தால் போதும். பார்ப்பவருக்குச் சொல்ல வேண்டாம்.

ஸ்டைலிஸ்ட், மேக்கப், ஆர்ட் எல்லோருக்கும் மூட் போர்டோடு இந்த மகஜரின் நகலையும் கொடுத்துவிடுவேன். செட்டில் வாக்குவாதம் பாதியாகக் குறைகிறது.

யாருடைய மரணம்?

உண்மையான ஒருவர் இறந்த படத்தை அப்படியே நகலெடுக்காதீர்கள். ஒளி, கோணம், அறையின் அமைப்பு ஆகியவற்றை எடுத்துக்கொள்ளலாம். முகச்சாயல், காயம், பெயர், வழக்கு எண், முகவரி கூடாது. நூறு வருடம் ஆனாலும் அவருக்குப் பேரப் பிள்ளைகள் இருப்பார்கள்.

2013இல் வைஸ் இதழ், தற்கொலை செய்துகொண்ட அல்லது அதற்கு முயன்ற பெண் எழுத்தாளர்களின் அந்த நொடிகளை ஃபேஷன் படங்களாக எடுத்து, கீழே உடைகளின் விவரத்தையும் போட்டது. கண்டனம் கிளம்பியதும் இணையத்திலிருந்து நீக்கி மன்னிப்புக் கேட்டது. 2014இல் மும்பைப் புகைப்படக்காரர் ஒருவர் பேருந்துக்குள் ஒரு பெண்ணைச் சூழ்ந்த ஆண்களை ஃபேஷன் தொடராக எடுத்தார். டெல்லிப் பேருந்துக் கொடுமை நடந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. நாடே கொதித்தது. அந்தப் படங்களைப் பார்த்தால் உடைகள் ஞாபகத்தில் நிற்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

இதில் பெண் உடல் மட்டுமே எப்போதும் கிடக்கிறது என்ற குற்றச்சாட்டு நியாயமானது. என் தேர்வு எளிது: பாலியல் வன்முறையைச் சுட்டும் எதையும் வைப்பதில்லை, கவர்ச்சியாகக் கிடத்துவதில்லை, முடிந்த இடத்தில் ஆண்களைப் படுக்க வைக்கிறேன். அதைவிட நல்ல வழி ஒன்றும் உண்டு. வீஜீயின் அந்தப் பிள்ளைகள் படம்போல, காமிராவை வேடிக்கை பார்ப்பவர்கள் பக்கம் திருப்புங்கள். உடைகளை அவர்களுக்குப் போடுங்கள். எட்டுப் பேர், எட்டு கோட்டுகள், எல்லோர் பார்வையும் சட்டகத்துக்கு வெளியே கீழே எதன்மீதோ. விற்க வேண்டிய துணி முழுதாகத் தெரியும், பிணமும் தேவையில்லை. கமர்ஷியல் பிராண்டுக்கு இந்த யோசனையைத்தான் நான் முதலில் காட்டுவேன்.

இடமும் சாமான்களும்

1915இன் அறை வேண்டுமென்றால் பூப்போட்ட சுவர்த்தாள், மரத்தரை, இரும்புக் கட்டில், பீங்கான் கை கழுவும் கிண்ணம். மஞ்சள் நாடா, எண் போட்ட மஞ்சள் முக்கோணங்கள் எல்லாம் பின்னால் வந்தவை, இந்தக் காலத்துக்கு ஒட்டாது. சாக்பீஸ் கோடும் உண்மையான தடய வேலையில் வழக்கமில்லை, அது தடயத்தையே கெடுத்துவிடும். பூர்தான் அதை வைத்தது ஒரு சின்னமாக. நீங்களும் சின்னம் என்று தெரிந்தே வைத்தால் சரி.

மேலிருந்து எடுப்பதாக இருந்தால் தரைதான் உங்கள் பேக்டிராப். செலவை அங்கே போடுங்கள், சுவர் படத்தில் வராது. ஒரு பழைய வீட்டின் மொசைக் தரையோ சிவப்பு ஆக்ஸைடு தரையோ கிடைத்தால் அதையே பயன்படுத்தலாம். பாரிஸ் மாதிரி நடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

தெருவில் எடுத்தால் அனுமதியோடு, காவல் நிலையத்திலும் அக்கம்பக்கத்திலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நடைபாதையில் ஒருவர் கிடந்தால் யாராவது 108க்கு போன் செய்வார்கள். செய்யவும் வேண்டும். பொம்மைத் துப்பாக்கியை வெளியிடத்தில் எடுக்கவே எடுக்காதீர்கள்.

உடை

கறுப்பு வெள்ளையில் எடுக்கப்போகிறீர்கள் என்றால் நிறத்தை மறந்துவிட்டு இழையைப் பாருங்கள். நேரடி ஃப்ளாஷில் சாட்டின், சீக்வின், பட்டு மூன்றும் துள்ளும். வெல்வெட் வெளிச்சத்தைக் குடித்துவிடும், இருண்ட தரையில் வெல்வெட் போட்டால் தலையும் கைகளும் மட்டும் மிதக்கும். ஒருமுறை அதை வேண்டுமென்றே செய்தேன், நன்றாகவே வந்தது.

படுத்திருக்கும் உடலில் துணி தானாக அழகாக விழாது. மாடல் படுத்த பின் பாவாடையை விசிறி போல விரித்து, மடிப்புகளுக்குள் டிஷ்யூ தாளைச் சுருட்டி வைத்து உயர்த்த வேண்டும். ஓரங்களைக் குண்டூசியால் தரை விரிப்போடு பிணைக்கலாம். காற்றில் எழுந்த மாதிரி வேண்டுமானால் தூண்டில் நரம்பு. ஒரு மடிப்பை மட்டும் கலைத்து விடுங்கள். எல்லாம் ஒழுங்காக இருந்தால் ஷோரூம் ஜன்னல் ஆகிவிடும். ஷூவின் அடிப்பாகம் காமிராவுக்குத் தெரியும் என்பதை ஸ்டைலிஸ்ட்கள் மறந்துவிடுவார்கள். விலைச் சீட்டு ஒட்டிய ஷூ ஒரு முழு நாள் ஷூட்டில் என் கண்ணில் படாமல் தப்பியது. திரும்பக் கொடுக்க வேண்டிய ஷூ என்றால் அடியில் நிறமற்ற டேப் ஒட்டுங்கள்.

மாடல்

பிணமாக நடிப்பது எளிது என்று நினைப்பவர்கள் ஒரு மணி நேரம் குளிர்ந்த தரையில் படுத்துப் பார்க்கட்டும். உயிருள்ளவர் என்பதைக் காட்டிக்கொடுப்பது மூன்று: கழுத்து, கால் விரல், தாடை. மாடலைக் கிடத்திவைத்துத் திருத்தாதீர்கள். மெத்தை மேல் நின்றபடி தளர்ந்து சரியச் சொல்லுங்கள், மூன்று நான்கு முறை. எப்படி விழுகிறார் என்பதைப் போனில் பதிவு செய்து, அதில் ஒரு நிலையைத் தரையில் மறுபடி கட்டுங்கள். கை உடலுக்கு அடியில் மாட்டிக்கொள்வது, முழங்கால் தப்பான பக்கம் சாய்வது போன்ற அழகற்ற விவரங்கள் இப்படித்தான் கிடைக்கும்.

உடலின் அகலத்தைவிடச் சற்று சிறிதாக வெட்டிய யோகா மேட்டை அடியில் வைத்தால் காமிராவுக்குத் தெரியாது. பத்து நிமிடத்துக்கு மேல் ஒரே நிலையில் வைக்க வேண்டாம். நிறுத்த வேண்டுமானால் விரலைத் தட்ட வேண்டும் என்று முன்பே பேசிவையுங்கள், வாயைத் திறக்க அவர் தயங்கலாம். கதையை முழுதாகச் சொல்லி, ஒப்புதல் கடிதத்தில் ‘இறந்தவராகச் சித்திரிக்கப்படும்’ என்ற வரியைச் சேர்த்து, ஷூட்டுக்கு முந்தைய நாளே கையெழுத்து வாங்குங்கள். சிலர் மறுப்பார்கள். அது அவர்கள் உரிமை, மனவருத்தம் வேண்டாம்.

காமிராவைக் கவிழ்ப்பது

கணக்கு இதுதான். ஃபுல் ஃபிரேம் காமிராவில் (36க்கு 24 மி.மீ. சென்சார்) 24 மி.மீ. லென்ஸ், தரையிலிருந்து 2.6 மீட்டர் உயரம் என்றால் 3.9 மீட்டருக்கு 2.6 மீட்டர் தரை தெரியும். பத்தடிக் கூரை உள்ள சாதாரண அறையில் இது சாத்தியம். அதே உயரத்தில் 35 மி.மீ. போட்டால் 2.67க்கு 1.78 மீட்டர். ஆள் அடங்குவார், அறை அடங்காது. நான் 24ஐத்தான் எடுப்பேன். குற்றப் படத்துக்கு உடலைச் சுற்றியுள்ள வெற்றிடம் வேண்டும். ஆனால் அகன்ற லென்ஸ் ஓரங்களை இழுக்கும், தலை ஓரத்தில் போனால் நீளும். ஆளைச் சட்டகத்தின் நடுவிலேயே வைத்து, ஓரங்களை நாற்காலிக்கும் விரிப்புக்கும் விட்டுவிடுங்கள்.

காமிராவைத் தாங்க கனமான ஸ்டாண்டும் குறுக்குக் கையும், எதிர்முனையில் மணல் மூட்டையும் வேண்டும். ஒருவரின் முகத்துக்கு நேர் மேலே இரண்டு கிலோ தொங்குகிறது. எனவே காமிரா உடம்பிலிருந்து தனியாக ஒரு பாதுகாப்புக் கம்பி, அதைக் கூரைக் கொக்கியிலோ இரண்டாவது ஸ்டாண்டிலோ கட்டுங்கள். லென்ஸ் மூடியையும் ஹுட்டையும் கழற்றிவிடுங்கள். இதில் சமரசம் கிடையாது. ஏணியில் ஏறி கையில் பிடித்து எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் அவரை டீ வாங்க அனுப்புங்கள்.

லேப்டாப்பில் படம் நேரடியாக வரும்படி இணைத்து, ஸ்பிரிட் லெவலால் காமிரா தரைக்குச் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்பர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு) எஃப் 8 முதல் 11, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100. எல்லாமே கூர்மையாக இருக்க வேண்டும். பின்னணியை மங்கலாக்கும் ஆசை வந்தால் இது வேறு ஷூட். ஸ்டாண்டின் கால் படத்தில் விழுந்தால் உடனே நகர்த்தாதீர்கள், ஒரு படமாவது அதோடு எடுங்கள்.

ஒரே வெளிச்சம்

அந்தக் காலத்தில் உள்ளறைகளில் மெக்னீசியம் பொடியைக் கொளுத்துவார்கள். ஒரே வெடிப்பு, ஒரே திசை, கடினமான நிழல். ஃப்ளாஷ் பல்ப் 1930 வாக்கில்தான் புழக்கத்துக்கு வந்தது. ஆகவே வெளிச்சத்தை மென்மையாக்கும் சாஃப்ட்பாக்ஸை வண்டியிலேயே விட்டுவிடுங்கள். ஏழு அங்குல ரிஃப்ளெக்டர் போட்ட ஒரே ஃப்ளாஷ், காமிராவுக்கு ஒரு முழம் தள்ளி. மேலிருந்து எடுக்கும்போது ஃப்ளாஷும் 2.6 மீட்டரில் இருந்தால், படத்தின் பக்க ஓரத்தில் வெளிச்சம் தானாகவே ஏறக்குறைய ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறையும். பின்னால் கம்ப்யூட்டரில் ஓரத்தைக் கறுக்க வைக்கும் வேலை மிச்சம்.

வீஜீ பாணிக்கு ஃப்ளாஷ் ஆளிடமிருந்து மூன்று மீட்டர், அப்பர்ச்சர் எஃப் 11 அல்லது 16. ஃப்ளாஷிலிருந்து ஆறு மீட்டரில் உள்ள சுவருக்குக் கால்பங்கு வெளிச்சம்தான் போகும், அதாவது இரண்டு ஸ்டாப் குறைவு. இரவில் வெளியே எடுத்தால் அதுவே போதும்.

கறுப்பு உடையின் தையல் தெரியவில்லை என்று பிராண்ட்காரர் கவலைப்படுவார். எதிர்ப்பக்கத்தில் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகை வையுங்கள். இரண்டாவது ஃப்ளாஷ் வைத்தால் இரண்டாவது நிழல் விழும். அந்த நொடியே படம் ஸ்டுடியோவுக்குத் திரும்பிவிடும்.

ரத்தம்

முடிந்தால் வேண்டாம். கவிழ்ந்த டம்ளரிலிருந்து ஓடிய தண்ணீர் பல நேரம் அதைவிட அதிகம் சொல்லும். வேண்டும்தான் என்றால், கறுப்பு வெள்ளைக்குச் சாக்லேட் சிரப் போதும். கலருக்குக் கெட்டியான குளுக்கோஸ் சிரப்பில் சிவப்பு ஃபுட் கலர், துளி நீலம், கொஞ்சம் கோகோ பொடி. பட்டில் பட்டால் போகாது. ஆகவே ஓ.எச்.பி. ஷீட்டை (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள்) குளம் வடிவில் வெட்டி அதன்மேல் ஊற்றி, விளிம்புவரை பரவ விடுங்கள். ஷூட் முடிந்ததும் ஷீட்டோடு தூக்கிவிடலாம். எறும்பு வரும், சீக்கிரம் எடுங்கள்.

எடுக்கும் வரிசை

முதலில் ஆள் இல்லாத அறை. பிறகு உடையை மட்டும் தரையில் போட்டு ஒரு படம். இதைப் பலர் தவிர்க்கிறார்கள், ஆனால் என் தொடர்களில் இரண்டு முறை இதுவே அட்டைப்படமாகப் போனது. பின்பு ஆளோடு அகலமான படம், இசிமா போலத் தூரத்திலிருந்து அருகே வந்து, கடைசியாகக் கை, ஷூ, அறுந்த வார். அருகே வரும்போதும் வெளிச்சத்தின் திசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படத்தையும் மகஜரோடு ஒப்பிட்டு, எந்த உருப்படி தெரியவில்லை என்று ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும்.

கறுப்பு வெள்ளைக்கு மாற்றுவது

அந்தக் காலத் தகடுகளில் பெரும்பாலானவை சிவப்பைப் பார்க்காதவை. சிவப்பு உதடு கறுக்கும், ரத்தம் தார் மாதிரி தெரியும், தோலின் மச்சமும் புள்ளியும் தூக்கலாகும், நீல வானம் வெளுத்துப்போகும். இந்தத் தோற்றத்துக்கு, படத்தைத் திருத்தும் மென்பொருளில் நிறங்களின் பங்கை மாற்றும் சானல் மிக்ஸரில் சிவப்பைப் பூஜ்யமாக்கி, பச்சை 60, நீலம் 40 என்று தொடங்கிப் பாருங்கள். மேக்கப் ஆர்ட்டிஸ்டுக்கு இதை முன்பே சொல்லுங்கள். அவர் போட்ட மென்மையான ரூஜ் கன்னத்தில் அடிபட்ட காயம் போல வரும்.

பலர் செய்யும் தப்பு, பழசாகக் காட்டப் புள்ளிகளைக் கொட்டுவது. பெரிய கண்ணாடித் தகடு மிகமிக நுணுக்கமானது, அதில் மணல் போன்ற கிரெய்ன் கிட்டத்தட்டத் தெரியாது. கீறல், விரிசல் டெக்ஸ்சர்களும் வேண்டாம். பெர்ட்டியோனின் அட்டையைப் போல ஓரத்தில் அளவுகோல் அச்சிடலாம். நான் ஒருமுறை அந்த இடத்தில் கவுனின் அளவுகளை, தோள், மார்பு, இடுப்பு, நீளம் என்று தையல்காரர் நோட்டில் இருப்பதுபோல எழுதினேன். உடைதான் இங்கே அளக்கப்படும் பொருள் என்பது யாரும் விளக்காமல் புரிந்தது.

வெளியிடும்போது

‘அரங்கேற்றப்பட்ட படம்’ என்ற வரி படத்தோடே இருக்க வேண்டும், தனிப் பதிவில் அல்ல. படம் பிரிந்து சுற்றும். முதலில் மாடலுக்கு அனுப்பி, அவர் வீட்டாருக்குக் காட்டிய பிறகு வெளியிடுவேன். ஒருமுறை ஒரு மாடலின் அம்மா படத்தை வாட்ஸ்அப் ஃபார்வர்டில் பார்த்துவிட்டு அலறிக்கொண்டு போன் செய்தார். பெண் எதிரே உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளிடமே போனைக் கொடுத்து, ‘அம்மா, நான்தான் பேசுறேன்’ என்று மூன்று முறை சொல்ல வைக்க வேண்டியதாயிற்று.